குஞ்சோடு நிற்கிற விரால்

விரால் பிடிக்கிற வீடியோ ஒன்றைப் போன தீபாவளி சமயத்தில் முழுதாகப் பார்த்துத் தொலைத்தேன். அதோடு போச்சு. அன்றிலிருந்து போனைத் திறந்தால் அதே வகைதான் வரிசை கட்டி வருகிறது. ஆள் மாறுவார், ஊர் மாறும், நடப்பது ஒன்றுதான். ஒரு வாய்க்கால், இல்லையென்றால் ஒரு குட்டை. தண்ணீரின் மேல் ஒரு முறம் அகலத்துக்குப் பொடிப்பொடியாகச் சலசலப்பு. கேமரா கிட்டே போனால் செம்பழுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். பிடிக்க வந்தவர் ரப்பர் தவளையை அந்தக் கூட்டத்துக்கு அப்பால் வீசி, குஞ்சுகளின் நடுவே மெதுவாக இழுத்து வருவார். இரண்டு மூன்று இழுப்புக்குள் தண்ணீர் வெடிக்கும். அடுத்த காட்சியில் ஒன்றரை கிலோ விரால் அவர் கையில் தொங்கும். கேமரா மறுபடி குஞ்சுகள் பக்கம் திரும்பாது.

எனக்கு இது உறுத்துகிறது. ஏன் உறுத்துகிறது என்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்ல வரவில்லை. நான் மீன் தின்கிறவன், தூண்டில் போடுகிறவன். மண்புழுவை முள்ளில் கோக்கும்போது அது நெளிவதைப் பார்த்து ஒரு நாளும் என் கை நின்றதில்லை. விரால் குழம்பு என்றால் இன்றைக்கும் இரண்டு கரண்டி சோறு கூடத்தான் இறங்குகிறது. அப்படிப்பட்டவனுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்ன திடீர் தர்மம்? எங்கள் சித்தப்பா இதைத்தான் கேட்கிறார், இதைவிடக் கொஞ்சம் காரமான வார்த்தைகளில்.

தண்ணீர் வரும் தேதி

எங்கள் வாய்க்காலுக்கு எந்த வரைபடத்திலும் பெயர் பார்த்ததில்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அந்தக் கோரையாற்றிலிருந்து பிரிந்து, பிரிந்ததிலிருந்து மறுபடி பிரிந்து வருவது எங்கள் வாய்க்கால். ஏ, பி என்று எழுத்துப் போட்ட பெரிய வாய்க்கால்களைத் தூர்வாரி முடித்த பிறகு, பணம் மிச்சமிருந்தால் ஞாபகம் வருகிற சி, டி வகை. இளவட்டப் பையன் ஓடிவந்தால் ஒரே தாண்டில் தாண்டிவிடலாம். நல்ல தண்ணீர் காலத்தில் இடுப்பளவு ஓடும், மதகுக்குக் கீழே அரித்துக் கிடக்கிற குழியில் மட்டும் ஆள் மட்டம். ஒரு கரை முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு, எதிர்க்கரையில் கோரை. தண்ணீர் நின்றுபோகிற மூலைகளில் வெங்காயத்தாமரை.

இங்கே மீனுக்கு மழைக்காலம், வெயில்காலம் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். மேட்டூர் எப்போது திறக்கிறது என்பதுதான் காலம். ஜூன் 12 திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணையும் திறந்துவிடும், அங்கிருந்து கடைமடைக்கு ஊர்ந்து வந்து சேர்வதற்குள் ஆனி பாதி போய்விடும். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்தது. வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுகிறார்கள். எல்லாம் நெல்லுக்காகப் போட்ட கணக்கு. கெண்டையும் கெளுத்தியும் அந்தக் கணக்கிலேயே பிழைத்துக்கொள்கின்றன. புதுத்தண்ணீர் முதலில் நுரையையும் பிளாஸ்டிக் குப்பையையும் தள்ளிக்கொண்டு வரும், ரெண்டு நாள் கழித்து நிறம் தெளியும், அப்புறம் பார்த்தால் மதகடியில் கெண்டைகள் தண்ணீரை எதிர்த்துத் துள்ளிக்கொண்டிருக்கும்.

விரால் மட்டும் எங்கிருந்து வருகிறது என்பது சின்ன வயதில் எனக்குப் பெரிய புதிர். வாய்க்காலில் தண்ணீர் வந்த மறுவாரமே முழங்கை நீளத்தில் ஒன்று கிடக்கும். இவ்வளவு பெரிய மீன் அதற்குள் எப்படி வளர்ந்தது? அது வருவதே இல்லை, போகாமல் இருந்துவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றை நேராக வாங்கிக்கொள்ள விராலுக்கு ஓர் அறை உண்டு. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். வாய்க்கால் வற்றினால் குழியில் ஒதுங்கும், குழியும் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த தண்ணீருக்குக் காத்திருக்கும். இதன் மறுபக்கம்தான் வேடிக்கை. வலையில் சிக்கி மேலே வர முடியாமல் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் விரால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். இந்த மூச்சு விஷயம் கட்டுரையில் மறுபடி வரும்.

தக்கையும் தவளையும்

கெண்டைத் தூண்டில் வேறு, விரால் தூண்டில் வேறு. கெண்டைக்கும் கெளுத்திக்கும் மூங்கில் குச்சி, நரம்பு, தக்கை, குண்டூசித் தலை அளவு ஈயம், முள், மண்புழு, இவ்வளவு போதும். தக்கையைப் பார்த்தே என்ன மீன் என்று சொல்லிவிடலாம். கெண்டை கொறிக்கும், தக்கை துடித்துக்கொண்டே இருக்கும், இழுத்தால் வெறும் முள்தான் வரும். கெளுத்தி இரையை வாயில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கும், தக்கை சாய்ந்தபடி போகும். கழற்றும்போது அதன் முள் கையில் ஏறினால் சாயங்காலம் வரைக்கும் கடுக்கும். சிலேபி கூச்சமே இல்லாமல் ஒரே முழுங்கு. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்ட மீன் அது, இப்போது எங்கள் வாய்க்காலில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உரிமையோடு திரிகிறது.

விராலுக்குத் தக்கை கிடையாது. தவளைதான். அந்தக் காலத்தில் உயிருள்ள தவளையின் பின்தொடையில் முள்ளைக் கோத்து விடுவார்கள். வெளிநாட்டுக்குத் தவளைக்கால் அனுப்புவதை 1987-ல் தடை செய்யும் வரை, ராத்திரியில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வயலில் தவளை பிடிக்க ஆட்கள் வருவார்கள் என்று சித்தப்பா சொல்வார். அவர்களோடு போட்டி போட்டுத்தான் இவர் தூண்டிலுக்குத் தவளை தேடியிருக்கிறார். இப்போது ஆன்லைனில் ரப்பர் தவளை வந்துவிட்டது. உள்ளே வெற்று, முதுகை ஒட்டி மேல்நோக்கி இரண்டு முட்கள், கோரைக்குள் இழுத்தாலும் சிக்காது. மீன் கடித்தால் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். சித்தப்பாவுக்கு நான்தான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதலில் சிரித்தார். இப்போது அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வயலுக்கே போகிறார்.

தவளை போடுவதில் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், அவசரப்படாதே என்பது. பசித்த விரால் தவளையைக் கவ்வும்போது ‘க்ளப்’ என்று ஒரு சத்தம் வரும். வந்ததும் இழுக்கக் கூடாது. நரம்பைத் தளர்த்தி விட்டுவிட வேண்டும். அது தவளையோடு அடியில் போய், வாயிலேயே திருப்பி, தலைப்பக்கமாக விழுங்கும். மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு அப்புறம் ஒரு சுண்டு. அந்தப் பத்தை எண்ணி முடிக்கிற பொறுமை வருவதற்குள் எனக்கு மீசை முளைத்துவிட்டது.

பல வருஷம் கழித்துத்தான் இரண்டாவது பாடத்தைச் சொன்னார். “குஞ்சோட நிக்கிற விராலுக்கு எண்ணிக்கிட்டு நிக்காதடா. அது வாயில வச்சிக்காது. அடிச்சி ஒதறிட்டுப் போயிரும். பட்ட ஒடனே இழுத்துடணும்.”

இந்தப் பாடம்தான் எனக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டது. அது தின்ன வரவில்லை என்பது பிடிக்கிறவருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கையின் வேகத்தை மாற்றிக்கொள்கிறார். தூண்டில் என்றால் மீனின் பசிக்கும் நம் பசிக்கும் நடக்கிற ஒரு பேரம் என்று நான் நினைத்து வந்தவன். அதில் ஏமாற்று உண்டு, ஆனால் இரையை வேண்டாம் என்று விட்டுப்போகிற வழியும் மீனுக்கு உண்டு. எத்தனையோ சாயங்காலம் அவை அப்படித்தான் என்னை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கின்றன. குஞ்சோடு நிற்கிற விராலுக்கு அந்த வழி இல்லை. தவளை குஞ்சுக்குள் வந்தால் அது அடித்தே ஆகவேண்டும்.

மதகடியில்

ஒரு ஐப்பசியில் நாலு நாள் அடைமழை விட்டிருந்தது. ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா வாசலில் நின்றே, “மதவடியில குஞ்சு கொதிக்குது, வர்றியா?” என்றார். கொதிக்கிறது என்பதற்கு மேல் பொருத்தமாகச் சொல்ல முடியாது. உலையில் அரிசி வெந்து மேலே வருகிற பதத்தில் என்ன அசைவு இருக்குமோ அதுதான், கோரைக்கும் அல்லி இலைகளுக்கும் நடுவே, அடங்கி அடங்கி மேலெழுந்துகொண்டிருந்தது. கரையில் குத்துக்காலிட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சோற்றுப் பருக்கையைவிடக் கொஞ்சம் நீளம். உடம்பு செம்பு நிறம், கண் மட்டும் கறுப்பு. எல்லாம் சேர்ந்து மேலே வரும், எல்லாம் சேர்ந்து உள்ளே போகும். அடியில் பெரியது நிற்கிறதா என்று எவ்வளவு பார்த்தும் கலங்கல் தண்ணீரில் தெரியவில்லை.

விரால் முட்டையிடுவது கரையோரப் புல்லை வாயால் ஒதுக்கி உண்டாக்கிய ஒரு சின்ன வெளியில். முட்டை எண்ணெய்ப்பசையோடு மேலேயே மிதக்கும், ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். அதன் பிறகு வாரக்கணக்கில் காவல். ஊரில் எல்லாரும் தாய் விரால் என்று பேசினாலும் காவலில் ஆணுக்கும் பங்கு உண்டு. கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, கெளுத்தி, குறவை என்று குஞ்சைத் தின்ன வருகிற கூட்டம் பெரிது. மேலே மூச்சைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அது இங்கேதான் வினையாகிறது. குஞ்சும் காற்றுக்கு மேலே வந்தாக வேண்டும். ஒன்றாக வந்து ஒன்றாக மூச்சு விடுவதால்தான் தண்ணீர் கொதிக்கிற மாதிரி தெரிகிறது, அதைப் பார்த்துத்தான் நாம் தவளையோடு போகிறோம். பெரியதைக் காட்டிக்கொடுப்பது குஞ்சுகளின் மூச்சு.

சித்தப்பா வீசினார். தவளை அல்லி இலையில் விழுந்து, வழுக்கி, தண்ணீருக்கு வந்தது. முதல் இழுப்பில் குஞ்சுகள் மொத்தமாக மறைந்தன. நின்றார். மறுபடி கொதிப்பு வந்தது. இரண்டாவது இழுப்பில் தவளைக்குப் பின்னால் தண்ணீர் மேடாக எழுந்து ஒரு சாண் தூரம் தொடர்ந்து வந்து, தணிந்தது. மிரட்டிப் பார்த்திருக்கிறது. மூன்றாவது தடவை அடித்தது. சித்தப்பாவின் கை எண்ணவில்லை. கரையில் விழுந்த மீன் புல்லில் பாம்பு வாக்கில் நெளிந்து வாய்க்காலை நோக்கியே திரும்பித் திரும்பிப் போனது. நல்ல மீன். கறுத்த முதுகு, வெளுத்த வயிறு. முள் தாடையின் வெளிப்பக்கத்தில் ஏறியிருந்தது. வாய்க்குள் இல்லை.

அவர் மீனைக் கோணிக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். நான் மதகுச் சுவரில் உட்கார்ந்துகொண்டேன். பெரிய உள்நோக்கம் ஒன்றுமில்லை, சிகரெட் பிடிக்க இடம் வேண்டியிருந்தது. குஞ்சுகள் மறுபடி கொதித்தன. எதுவும் நடக்காத மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வட்டம் நீண்டது. ஒரு வால் மாதிரி பிரிந்து கோரைப் பக்கம் போனது. அப்புறம் ஒரு சுளுக் சத்தம், வட்டத்தின் ஓரத்தில். அது சிலேபியா குறவையா தெரியாது. சத்தம் வந்த பக்கத்திலிருந்து குஞ்சுகள் விலகி இந்தப் பக்கம் வந்தன, இந்தப் பக்கத்தில் இன்னொரு சுளுக். கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி நேராக விழுந்து எழுந்தது. அது எப்போதும் விழுகிறதுதான், ஆனால் வழக்கமாக நடு வாய்க்காலில் விழும்.

மறுநாள் காலை அதே இடத்தில் சித்தப்பா இன்னொரு விராலையும் எடுத்தார், அதன் ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். அதற்கடுத்த நாள் நான் போனபோது கொதிப்பு இல்லை. அத்தனையும் தீர்ந்துவிட்டன என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கொஞ்சம் கோரைக்குள் ஒதுங்கியிருக்கும், கொஞ்சம் தண்ணீரோடு போயிருக்கும். குழம்பு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சித்தி விராலைச் சாம்பல் போட்டுக் கல்லில் உரசி வழுவழுப்பை எடுத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைப்பார். ரெண்டு நாளும் சாப்பிட்டேன்.

சித்தப்பாவின் கணக்கு

இதைப் பற்றி நானும் அவரும் பேசாத விடுமுறை இல்லை. அவரை எளிதாக மடக்கிவிட முடியாது, ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி நிஜம். “நீ ஒரு விரால விட்டுட்டா வாய்க்கால் ரொம்பிடுமா?” என்பார். மாசியில் தண்ணீர் நின்றதும் குழிகளை இன்ஜின் வைத்து இறைத்து, சேற்றைத் தடவி, உருண்டு திரண்ட விராலில் இருந்து விரல் நீளக் கெளுத்தி வரை வாரிக்கொண்டு போகிறார்கள். பேட்டரியை முதுகில் கட்டிக்கொண்டு கரண்ட் வைத்துப் பிடிக்கிற கும்பல் ராத்திரியில் வருகிறது. அதில் மிதப்பது மீன் மட்டும் இல்லை, தவளை, தண்ணிப்பாம்பு எல்லாம்தான். கோடையில் பொக்லைன் வந்து தூர்வாரினால் விரால் புதைந்திருக்கிற சேற்றோடு சேர்த்துக் கரையில் கொட்டிவிட்டுப் போகும். தூர்வாரவில்லை என்றால் நெல்லுக்குத் தண்ணீர் வராது, அதையும் குறை சொல்ல முடியாது. இவ்வளவுக்கும் மேலே ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதை வளர்க்கக் கூடாது என்று தடை போட்டுக் கால் நூற்றாண்டு ஆகிறது, வெள்ளம் வந்து போன ஒவ்வொரு வருஷமும் வாய்க்காலில் ஒன்றிரண்டு மாட்டுகிறது. விரால் குஞ்சு அதற்கு ஒரு வாய்க்குக் காணாது. இவ்வளவு சாவுக்கு நடுவில் உன் ஒரு தவளைக்கு என்னடா மரியாதை என்கிறார்.

எண்ணிக்கையில் பார்த்தால் அவர் கணக்கு சரி. என் சங்கடம் எண்ணிக்கையில் இல்லை. கரண்ட் வைப்பவனை நான் எதிர்க்கிறேன், அவரும் எதிர்க்கிறார், அதில் எங்களுக்குள் பேச்சே கிடையாது. இறைத்துப் பிடிப்பது ஊர் வழக்கம், அந்தக் குழி எப்படியும் வற்றத்தான் போகிறது. குஞ்சோடு நிற்பதை எடுப்பது இந்த இரண்டிலும் சேராது. தண்ணீர் நிறைய இருக்கிற காலத்தில், வேறு எங்கேயும் தவளை வீசலாம் என்கிறபோது, இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வீசுகிறோம். காரணம் ஒன்றே ஒன்று, அங்கே மீன் தவறாது.

எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. எங்கள் ஊருக்கு வெளியே ரோட்டோரத்தில் அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி உயிர் விராலைப் போட்டு விற்கிற ஒருவர் இருக்கிறார். கெண்டையைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை போகும் மீன். அன்றைய அரிசி, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் எல்லாம் அந்தக் கூடைக்குள் இருக்கிறது. அவரிடம் போய்க் குஞ்சைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது, வரவும் கூடாது. நான் பேசுவது என்னைப் போல் மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, சனி ஞாயிறு ஊருக்கு வந்து, ராடும் ரீலுமாகக் கரையில் நிற்கிறவர்களைப் பற்றி. வீடியோ எடுத்துவிட்டு மீனைத் திரும்ப விட்டுவிடுகிறோமே என்று சிலர் சொல்கிறார்கள். தாடை கிழிந்து, போட்டோவுக்கு நின்று, அளவு பார்த்து, அது தண்ணீருக்குப் போய்ச் சேர்வதற்குள் மதகடியில் நான் கேட்ட அந்தச் சுளுக் சத்தம் எத்தனை தடவை கேட்டிருக்கும்?

இது நம் ஊரில் மட்டும் இருக்கிற வம்பு இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பாஸ் என்றொரு மீனும் இப்படித்தான், ஆண் கூட்டைக் காத்து நிற்கும், பக்கத்தில் எது வந்தாலும் அடிக்கும். அதனால் பல பகுதிகளில் ஜூன் பிற்பகுதி வரை அதைப் பிடிக்கத் தடை. கேரளத்தில் முதல் மழைக்கு வயலேறி வருகிற மீனைப் பிடிக்கிற ‘ஊத்த’ வழக்கத்துக்குத் தடை இருக்கிறது. நம் கிழக்குக் கடற்கரையிலேயே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்கின்றன, மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணமும் உண்டு. ஏரி, குளத்துக்குக்கூட மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் ஒருவர் இருப்பார், தன் காசு என்பதற்காகவாவது குஞ்சைப் பார்த்துக்கொள்வார். எங்கள் வாய்க்காலுக்கு அப்படி ஒரு தேதியை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னாலும் அந்தக் கரையில் நின்று பார்க்க யார் வரப்போகிறார்கள்?

அதனால் இதைச் சித்தப்பாவோடு நேரடியாகப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். நான் மார்கழிக்கு முன்னால் விராலுக்குத் தவளை போடுவதில்லை. அதற்குள் குஞ்சு பிரிந்துவிடும், பனியில் மதியத்துக்கு மேல்தான் மீன் எழும்பும், கடி குறைவு, பரவாயில்லை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் போன மாதம் போனில் அவராகவே ஒன்று சொன்னார். குஞ்சு செவப்பாக இருக்கும் வரைக்கும் விட்டுவிடலாமாம், கறுக்க ஆரம்பித்ததும் எடுக்கலாமாம். கறுத்த குஞ்சு கொஞ்சம் விவரமாகிவிடும், தானே ஒதுங்கத் தெரியும் என்பது அவர் வாதம். அது தப்பில்லை, வளர வளரத்தான் அந்தச் சிவப்பு போகிறது. கறுத்த பிறகும் கொஞ்ச நாள் கூட்டமாகத்தானே திரியும் சித்தப்பா, இன்னும் ரெண்டு வாரம் சேர்த்துக்கொள்ளலாமே என்றேன்.

“ரெண்டு வாரமா? அதுக்குள்ள மேலத்தெருப் பய எவனாவது எடுத்துட்டுப் போயிருவான். ஒரு வாரம். அதுவும் நீ அடுத்த தடவ வரும்போது அந்தப் பச்சைத் தவளை ரெண்டு வாங்கிட்டு வந்தா.”